கண்ணாடிக்கு வெளிச்சம் வைத்தவர்

நான் வரைந்த எலுமிச்சைகளைக் கொட்டினால் ஒரு சந்தையை நிரப்பலாம். ஆனால் அந்தச் சாதி எலுமிச்சை ஒன்றை அந்தக் காலத்தில் நான் கையால் தொட்டதுகூட இல்லை. எங்களிடம் இருப்பது தேசிக்காய். பச்சையாய், உருண்டையாய், தோல் கடதாசி போல இருக்கும். படத்தில் இருப்பதோ மூக்கு நீண்ட மஞ்சள் பழம். அதைப் பாதி உரித்து, தோலைச் சுருளாக மேசை விளிம்பில் தொங்கவிட்டிருப்பார்கள். தோலின் உள்பக்க வெள்ளை பஞ்சு மாதிரித் தெரிய வேண்டும். காணாத பழத்தின் பஞ்சை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டால், காலையில் பேக்கரியில் வாங்கிய பாணைப் பிய்த்துப் பார்த்துத்தான் பிடித்தேன்.

யுத்த காலம் அது. கொட்டாஞ்சேனையில் ஒரு படச்சட்டக் கடை. கீழே சுவாமிப் படங்களுக்கும் கலியாணப் படங்களுக்கும் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடுவார்கள். மேலே, தகரக் கூரைக்குக் கீழே, நாங்கள் மூன்று பேர் இருந்து ஒல்லாந்துக்காரரும் அவர்களுக்குப் பக்கத்து பிளெமிஷ்காரரும் எப்போதோ வரைந்துவிட்டுப் போன சாப்பாட்டு மேசைகளைப் பார்த்துப் பார்த்து எண்ணெய்ச் சாயத்தில் வரைந்துகொண்டிருந்தோம். திராட்சைக் குலை, வெள்ளித் தட்டு, திறந்த சிப்பி, கவிழ்ந்த கோப்பை, கடதாசிச் சுருளில் மிளகு. "அந்த மிளகு இங்கருந்து அள்ளிக்கிட்டுப் போனது தங்கச்சி. அத நாமளே வரைஞ்சு திருப்பி அவங்களுக்கே விக்கிறோம் பாரு" என்று சிரிப்பார் எங்களில் மூத்தவர். சினிமாக் கொட்டகைகளுக்கு ஆளுயரப் போர்டுகள் வரைந்தவர் அவர். நாங்கள் அவரைப் போர்ட் அண்ணன் என்போம்.

கடைக்காரர் முஸ்லிம் மனிதர். எல்லாருக்கும் அவர் நானா. ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெளிநாட்டுக் குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றபோது, தலையணை மொத்தத்தில் ஒரு படப் புத்தகத்தை அங்கே வாங்கி வந்தாராம். அதன் தாள்களை வெட்டி எடுத்து, சதுரக் கோடு போட்டு, பெரிதாக்கித் தருவார். வாங்குகிறவர்கள் ஹோட்டல்காரர், கொழும்பு ஏழில் பெரிய வீடு வைத்திருப்பவர்கள், ஊர் திரும்புமுன் ஏதாவது கொண்டுபோக நினைக்கிற வெள்ளைக்காரர்கள். அச்சடித்த படத்துக்கு மதிப்பில்லை, கையால் வரைந்தது என்றால் மரியாதை தனி.

நானாவுக்குச் சில சட்டங்கள் இருந்தன. அந்தப் படங்களில் பன்றித்தொடை அடிக்கடி வரும். "அந்தத் தொடை எண்ட கடைக்குள்ள வாரல்ல. ஆட்டுத்தொடையா ஆக்குங்க" என்பார். ஆக்கினோம். சில மேசைகளில் பூவுக்குப் பக்கத்தில் மண்டையோடு இருக்கும். "சாப்பிடுற எடத்துல மண்டையோட்டப் பாத்துக்கிட்டு எவன் சாப்பிடுவான்? எடுங்க அத." எடுத்தோம். பழத்தில் அழுகல் இருக்கும், ஈ இருக்கும். "அழுகினத விக்கிறதுக்கு நான் என்ன மரக்கறிக்கடையா வச்சீக்கிறேன்?" அதையும் எடுத்தோம். தெருவில் என்ன நடந்தாலும் எங்கள் மேசைகளில் எதுவும் அழுகவில்லை.

இனி வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

ஒரு படத்தை ஒருவர் முழுதாக வரைவதில்லை. போர்ட் அண்ணன் முதலில் இருட்டை அடிப்பார். கறுப்பும் மண்ணிறமும் கலந்து, பின்சுவர், மேசை, விரித்த துணி எல்லாம் அவருடையது. பிறகு என்னிடம் வரும். பழம், பாண், பூ, சிப்பி என்னுடையவை. கடைசியாக ஜன்னலோரம் இருப்பவரிடம் போகும். அவர் வைப்பது வெளிச்சம். வேறொன்றும் இல்லை, வெளிச்சம் மட்டும்.

கண்ணாடிக் கோப்பையை யாரும் வரைவதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பின்னாலுள்ள இருட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் மிக மெல்லிய தூரிகையால் வெள்ளையில் சில தொடுகைகள் வைத்தால், இல்லாத கோப்பை இருக்கிற மாதிரி வந்து நிற்கும். விளிம்பில் ஒரு வளைவு. தண்டில் ஒரு கீறல். வயிற்றில் ஒரு குட்டி ஜன்னல், ஏனென்றால் அந்தக் காலத்து ஓவியனின் அறை ஜன்னல் கோப்பையில் விழுந்திருக்கும். என் திராட்சைகளும் அவரிடம் போய்த்தான் ஈரமாகும். "நான் இருட்ட அடிக்கிறேன், இந்தத் தங்கச்சி பழம் விக்கிது, தம்பி வந்து கரண்ட் குடுக்கிறாரு" என்பார் போர்ட் அண்ணன்.

அந்தத் தம்பி யாழ்ப்பாணத்தார். அங்கே மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருந்தவர். கடையும் தெருவும் இல்லாமற்போன பிறகு மனைவியோடு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் லொட்ஜ் அறையில் இருந்தார். நானாவிடம் சட்டத்துக்கு வார்னிஷ் பூசத்தான் சேர்ந்தார். ஒருநாள் படமொன்றில் விடுபட்ட ஒரு புள்ளியை வைக்கச் சொன்னபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வைத்த விதத்தைப் பார்த்து நானா வார்னிஷ் வாளியை வாங்கி வைத்துவிட்டார். மணிக்கூட்டுச் சில்லுத் தூக்கிய கை. நடுக்கமே இல்லை. ஆனால் அவருக்கு வரையத் தெரியாது. ஒரு குவளையைக் கீறச் சொன்னால் இரண்டு பக்கமும் இரண்டு விதமாகப் போகும். அதைச் சொல்லி அவரே சிரிப்பார்.

ஒருநாள் நான் அவரிடம் கேட்டேன். "ஏன் தம்பி, இங்கயும் மணிக்கூடு திருத்துற கடைகள் இருக்குதானே? அதுக்குப் போகலாமே?"

"என்னக்கா கதைக்கிறீங்கள்? வயரும் மணிக்கூடும் தெரிஞ்ச யாழ்ப்பாணத்தான் ஒருத்தன் கொழும்பில நிக்கிறான் எண்டால், அதுக்குப் பிறகு பொலிஸ்காரங்கள் என்னட்ட வேற ஒண்டும் கேக்க மாட்டாங்கள். பெயின்டர் எண்டே சொல்லுறன். பெயின்டராலை ஆருக்கு என்ன பயம்?"

அவருடைய அடையாள அட்டையில் மாணவன் என்றிருந்தது. பள்ளியில் படிக்கும்போது எடுத்த அட்டை. தலைமயிர் பாதி கொட்டிய மாணவன்.

நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. அந்தக் கிழமை வெள்ளவத்தையில் விடியற்காலை பொலிஸார் ஒழுங்கைகளை மறித்து, லொட்ஜ்களில் இருந்த ஆண்களையெல்லாம் இறக்கி வரிசையில் விட்டார்கள். பலரைப் பார்த்து அனுப்பினார்கள், சிலரை வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொண்டவர்களில் எங்கள் தம்பியும் ஒருவர்.

அவருடைய மனைவி பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தா. அதற்கு முன் அவ அந்தப் பக்கம் வந்ததேயில்லை. யாரிடமும் வழி கேட்கப் பயந்து, கொச்சிக்கடைவரை போய்விட்டுத் திரும்பி நடந்து வந்திருக்கிறா. ஏணிப்படியில் பாதியில் நின்றபடி சொன்னா: "அவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். பொலிஸில பதிஞ்ச துண்டு எல்லாம் காட்டினனாங்கள். மாணவன் எண்டு கிடக்கு, வேலை பெயின்டர் எண்டு சொல்லுறாய், எது பொய் எண்டு கேக்கிறாங்கள். வேலை குடுக்கிறவையைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

அவர் பெயின்டர்தான் என்று காட்டினால் விடுவார்கள். காட்டாவிட்டால், மிச்சம் இருப்பவர்களோடு சேர்த்துத் தெற்கே ஒரு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது, திரும்பிய சிலர் நிமிர்ந்து நடக்கவில்லை. இது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை.

நானா உடனே எழுந்தார். கீழே போய்த் தொப்பியைப் போட்டு, வெளுத்த சேர்ட் மாற்றி, கடையில் இருந்ததிலேயே நல்ல படத்தை எடுத்துக் கடதாசியில் சுற்றினார். தோல் தொங்கும் எலுமிச்சை, நண்டு, உயரமான பச்சைக் கண்ணாடிக் கோப்பை இரண்டு. மூன்று பேரின் வேலையும் உச்சத்தில் இருந்த படம் அது. "இதப் பாத்தா வாயடைச்சுப் போவாங்க. நீயும் வா புள்ள, அந்தப் பொம்புளைக்குத் தொணையா இரு. தம்பிக்குச் சிங்களமும் தெரியாதே" என்றார். நான் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள். சிங்களம் எனக்குத் தண்ணி மாதிரி.

பொலிஸில் எங்களை வெகுநேரம் வாங்கில் இருத்திவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர், சத்தம் போடாத மனிதர். படத்தை மேசையில் சாய்த்து வைத்துப் பார்த்தார். நல்லாயிருக்கிறது என்றார். எலுமிச்சைத் தோலைத் தொடுவதற்குக்கூட விரலை நீட்டினார்.

"இதில் உன் ஆள் வரைந்தது எது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நானா கடையில் படம் விற்கும்போது ஒரு பேச்சுப் பேசுவார். வாங்க வருகிறவர்களுக்கு மூன்று பேர் பிரித்து வரைந்தது என்றால் பிடிக்காது, தொழிற்சாலைச் சாமான் மாதிரித் தெரியும். ஆகவே சட்டத்தை ஒரு தட்டுத் தட்டி, "ஒரே ஆள், ஒரே கை. அந்த மனுசன் மாசக்கணக்கா ஒக்காந்து வரைஞ்சது" என்பார். தமிழில் சொல்வார், சிங்களத்தில் சொல்வார், தெரிந்த அளவு இங்கிலிஷிலும் சொல்வார். நாங்கள் மேலே இருந்து கேட்டுச் சிரிப்போம்.

அன்றைக்கும் அவருடைய கை தானாக எழும்பிச் சட்டத்தைத் தட்டியது. "முழுக்க இவர்தான் சேர். ஒரே ஆள், ஒரே கை."

நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

தம்பியைக் கூட்டி வந்தார்கள். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மனைவியைப் பார்த்ததும் அந்தப் பக்கம் தெரியாமல் திரும்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளையும் குமிழ்முனைப் பேனையையும் தள்ளினார். "அந்தின்ன" என்றார். வரை என்றார், அவ்வளவுதான். படத்தில் இருந்த எலுமிச்சையைக் காட்டினார்.

தம்பி என்னைப் பார்த்தார். "அக்கா, நான் வெளிச்சம் மட்டும்தானே வைக்கிறனான். வெள்ளைத் தாளில வெளிச்சத்தை எங்க வைக்கிறது?"

நான் அதை எந்தச் சிங்களத்தில் சொல்வேன்? முழுக்க இவர்தான் என்று நானா சொன்ன சத்தம் இன்னும் அந்த அறையில் நிற்கிறது. அவர் பேனையை எடுத்தார். கீறினார். எலுமிச்சை என்று நினைத்து அவர் கீறியது, வால் வைத்த உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. அதுதான் பயமாக இருந்தது.

"முதலாளி, வியாபாரம் கடையில் செய்யுங்கள்" என்று சொல்லி, படத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

வெளியே வந்து நானா நடைபாதை விளிம்பில் அப்படியே குந்திவிட்டார். வெளுத்த சேர்ட்டெல்லாம் வேர்வை. "வாய் பழகிப்போச்சு புள்ள. அந்தாள் கேட்டதும் கஸ்டமர் கேக்கிற மாதிரியே விளங்கிச்சு. அல்லாவே, எண்ட வாய்" என்று வாயிலேயே அடித்தார். தம்பியின் மனைவி கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தூசு தட்டி அவர் கையில் கொடுத்தா.

கடைக்கு வந்ததும் போர்ட் அண்ணன் குதித்தார். "நானா, கடையில வச்சு வித்த பொய்ய ஏன் நானா ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கிட்டுப் போனீங்க? அங்க போய் உள்ளத உள்ளபடி சொல்லத் தெரியாதா?"

"நீ சொல்லு! ஒனக்கென்ன, நீ மேல ஒக்காந்து கறுப்பு அடிக்கிறவன்!"

"ஆமா, கறுப்புத்தான் அடிக்கிறேன். அந்தக் கறுப்ப அங்க கொண்டு போயிருந்தா தம்பி வெளிச்சம் வச்சுக் காட்டிருப்பாரே!"

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னலோரம் பார்த்தோம். தம்பி வைத்துவிட்டுப் போன இடத்தில், இருட்டும் பழமும் முடிந்து வெளிச்சம் வைக்காத ஒரு கன்வஸ் சாய்ந்திருந்தது. மேசைக்கு மேலே கோப்பைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு.

அடுத்த நாள் நானும் அவருடைய மனைவியும் அதைத் தூக்கிக்கொண்டு போனோம். நானா வரவில்லை, அவர் சொல் அங்கே கெட்டுப்போயிருந்தது. ஈரப் படத்தோடு பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? ஆளுக்கொரு பக்கம் பிடித்து, யாரும் உரசிவிடாமல், கொண்டக்டரிடம் ஏச்சு வாங்கி, நின்றுகொண்டே போனோம். வழியில் செக் பொயின்டில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிப் பொடியன் படத்தை முன்னும் பின்னும் திருப்பினான். பிறகு, உண்மையோ என்று பார்க்கிற மாதிரி என் எலுமிச்சைக்குள் விரலைக் குத்தினான். விரல் மஞ்சளாக வந்தது. அவன் வெட்கப்பட்டுச் சிரித்து, மண்மூட்டையில் துடைத்துவிட்டு, போங்கள் என்றான். வேறொரு நாளாக இருந்தால் நானும் அவனோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தார். இருந்தவர் வயதான சார்ஜன்ட் ஒருவர். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. நாங்கள் மூன்று பேர் ஒரு படத்தை வரைகிறோம், முதலாளி பழக்கதோஷத்தில் ஒரே கை என்று சொல்லிவிட்டார், இது இருட்டு, இது நான் வரைந்த பழம், இனி வெளிச்சம் அவர்தான் வைக்க வேண்டும், வைக்கவிட்டுப் பாருங்கள் சேர், பிறகு என்ன வேண்டுமென்றாலும் செய்யுங்கள். அவர் படத்தையும் என்னையும் பார்த்தார். அவருக்கு அன்று பொழுது போகவில்லையோ, மனம் இரங்கியதோ, எனக்குத் தெரியாது. தம்பியைக் கூட்டி வரச் சொல்லி, வாங்கில் படத்தைச் சாய்த்து வைக்க இடம் கொடுத்தார்.

நான் கைப்பையில் கொண்டுபோயிருந்த தூரிகையையும் வெள்ளை டியூப்பையும் கொடுத்தேன். தம்பி தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கினார். தூக்கிய கையை இறக்கிவிட்டு, கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு விளிம்பு வளைவை ஒரே இழுப்பில் வைத்தார்.

இருட்டுக்குள் ஒரு கோப்பை வந்து நின்றது.

சார்ஜன்ட் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். பிறகு இன்னொருவர் வந்தார். டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். தண்டு வந்தது, அடி வந்தது. திராட்சை ஒவ்வொன்றும் ஈரமானது. "ஷா" என்றார் யாரோ. தம்பியின் மனைவி வாசற்படியில் நின்றா. உள்ளே வர விடவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

கோப்பையின் வயிற்றில் ஜன்னல் வைக்க வேண்டும். அந்த அறையில் ஜன்னல் இல்லை. தம்பி தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். நீளமாக ஒரு வெளிச்சத்தை வைத்தார். அது வாசல். பிறகு தூரிகையைத் துடைத்து, போர்ட் அண்ணனின் இருட்டில் கொஞ்சம் தொட்டு, அந்த வெளிச்சத்துக்குள் கடுகளவு ஒரு கறுப்பு வைத்தார். கிட்டப் பார்த்தால் ஒரு கோடு. எட்டப் பார்த்தால் சேலை கட்டிய ஒரு ஆள்.

படம் அத்தோடு முடிந்துவிட்டது. நான் தொழில் செய்கிறவள், எனக்குத் தெரியும். அவர் நிறுத்தவில்லை. சிப்பியில் வெளிச்சம் வைத்தார். கத்திப் பிடியில் வைத்தார். பாணில் வைத்தார். பாண் மினுங்குமா? துணி மடிப்பில் வைத்தார், ஒளியே விழ வழியில்லாத மேசைக்காலில் வைத்தார். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வர வேண்டும், இங்கே நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. படம் என் கண்முன்னே கெட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. தூரிகை கையில் இருக்கும்வரை அவரை உள்ளே கொண்டுபோக மாட்டார்கள்.

சுற்றி நின்றவர்களுக்கு அது கெடுவது தெரியவில்லை. மினுங்க மினுங்க அவர்களுக்குச் சந்தோஷம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கூட்டம் கலைந்தது. சார்ஜன்ட் எழுந்து நின்று, இந்த மனிதன் பெயின்டர்தான் சேர், எங்கள் கண்ணாலேயே பார்த்தோம் என்றார். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். கோப்பையையும் பார்த்தார். கடுகளவு கறுப்பைக் கண்டாரோ தெரியாது.

"சரி, பெயின்டர்தான்" என்றார். "அதனால் என்ன? பெயின்டர் குண்டு வைக்கப் போகமாட்டான் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?"

நான் மொழிபெயர்க்கவில்லை. தம்பிக்கு விளங்கிவிட்டது. தூரிகையை என்னிடம் நீட்டினார், பிடி என் பக்கம் இருக்கும்படி, கத்தி கொடுக்கிற மரியாதையோடு. உள்ளே கொண்டுபோனார்கள். படத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அது அங்கே யாருடைய சுவருக்குப் போனதோ.

சார்ஜன்ட் எங்களோடு கேட் வரை வந்தார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தெரிந்த தமிழில் சொன்னார்: "வெள்ளிக்கிழமை காலைல லொறி. முன்னால ரோட்ல நிண்டா பாக்கலாம். நான் சொன்னது எண்டு சொல்ல வேணாம், அம்மா."

வெள்ளிக்கிழமை காலையில் எதிர்ப்பக்க நடைபாதையில் பெண்கள் கூட்டமாக நின்றோம். எல்லாரிடமும் ஒவ்வொரு பார்சல். சாரம், துவாய், பிஸ்கட், சவர்க்காரம். ஒருத்தி ஹெந்தளையிலிருந்து பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தா. "அதுக்குத் தகப்பனைக் காட்டத்தான் தூக்கி வந்தனான். இதுகள் மறந்திடும், முகத்தை மறக்கக் கனநாள் எடுக்காது இதுகளுக்கு" என்றா. அந்தப் பேச்சு எனக்கு இன்றும் மறக்கவில்லை.

லொறி வெளியே வந்தது. சுற்றிவரத் தார்ப்பாய்ப் படங்கு கட்டியிருந்தார்கள். ஒரு ஓட்டையும் இல்லை. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க வழியில்லை. சந்தியில் பஸ் ஒன்று குறுக்கே நின்றதால் லொறி கொஞ்சம் நின்றது. அப்போது ஒருத்தி கத்தினா: "நான் வந்திருக்கிறன்!" உடனே மற்றவர்களும் கத்தத் தொடங்கினார்கள். யாரும் பெயர் சொல்லவில்லை. பெயரை அந்த இடத்தில் சொல்லப் பயம். நான் வந்திருக்கிறன், நான் வந்திருக்கிறன் என்று எல்லாரும் அதையேதான் கத்தினார்கள்.

தம்பியின் மனைவி சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அன்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினா: "இஞ்சேருங்கோ! நான் வந்திருக்கிறன்! கேக்குதோ?"

படங்குக்குள்ளிருந்து, கேட்கிறது என்கிற மாதிரி, "ஓம்" என்று ஒரு குரல் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பல குரல்கள் சேர்ந்து ஓம், ஓம், ஓம். லொறி கிளம்பிவிட்டது.

அவ என் கையைப் பிடித்துக்கொண்டா. "முதல் ஓம் அவர்தான் அக்கா. எனக்குத் தெரியும், அது அவர்ர குரல்." எனக்கு எல்லாக் குரலும் ஒன்றாகத்தான் இருந்தது. நானும் ஓம் என்றேன்.

அவர் திரும்பி வந்தார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திரும்பாதவர்கள் அந்த வரிசையில் இருந்தார்கள். இரண்டு மழைக்காலம் போய்த்தான் வந்தார். வழக்கும் இல்லை, மன்னிப்பும் இல்லை, ஒருநாள் போ என்று விட்டார்கள். இடையில் அவ முகாமுக்குப் பஸ் மாறி மாறிப் போய் வந்தா. கொழும்பை விட்டு ஊருக்கு வா என்று சொந்தக்காரர் கூப்பிட்டபோதும் போகவில்லை. பாமன்கடையில் ஒரு வீட்டில் தையல் வேலை எடுத்துத் தைத்தா. எப்படியம்மா தாங்குகிறாய் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "அண்டைக்கு நான் கூப்பிட அவர் ஓம் எண்டவர்தானே அக்கா. அவருக்குத் தெரியும் நான் நிக்கிறன் எண்டு."

வந்த பிறகு கொஞ்ச நாள் எங்களோடு மேலே வந்து இருந்தார். நானா அவருக்குத் தன் கையால் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் கீழே இறங்கிப் போய்விடுவார். தம்பியின் இரண்டு விரல்கள் சரியாக மடங்கவில்லை. வெளிச்சம் வைக்க முடியவில்லை, வார்னிஷ் பூசினார். ஒருநாள் போர்ட் அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரம் நான் அந்த வெள்ளிக்கிழமைக் கதையை எடுத்தேன். நீங்கள் ஓம் என்றது எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னேன்.

அவர் பூசிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை.

"நான் அந்த லொறியில இல்லை அக்கா."

எனக்கு விளங்கவில்லை.

"எங்களில கொஞ்சப் பேரை முதல்நாளே ஜீப்பில ஏத்திக் கொண்டு போட்டாங்கள். நான் அப்ப அங்க, முகாமில. இவ முதல்தரம் பாக்க வரேக்க, வலைக்கு அங்கால நிண்டு கேட்டவ, அண்டைக்கு நான் கூப்பிட்டது கேட்டதோ எண்டு. முகத்தைப் பாத்தன். ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

கொஞ்சக் காலத்தில் அவர்கள் இருவரும் ஒரு குளிர்நாட்டுக்குப் போனார்கள். அவ அங்கே காலமானது எனக்கு அண்மையில்தான் தெரியும். அவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுதுங்கோ அக்கா, என்றார். கடைசிவரைக்கும் அவ அந்த ஓமைச் சொல்லிக்கொண்டிருந்தாவாம், ஆஸ்பத்திரித் தாதிமாருக்குக்கூட.

"நான் அவவுக்குச் சொல்லேல்லை" என்றார். "ஆனால் எனக்கு ஒரு யோசனை விடாது அக்கா. அந்த ஓம் ஆரோ ஒருத்தன் சொன்னதுதானே. தன்ர மனுசி வந்து நிண்டு கூப்பிடுறா எண்டு நினைச்சுத்தானே அவன் சொல்லியிருப்பான். அவன்ர ஆக்கள் அண்டைக்கு ரோட்டில நிண்டவையோ, இல்லையோ?"

ஹெந்தளைப் பெண்ணின் முகமும், இடுப்பில் இருந்த பிள்ளையும், மற்றவர்களும் என் கண்ணில் வந்தார்கள். நின்றவர்கள், நிற்காதவர்கள், எனக்கு யாரையும் பெயர் சொல்லத் தெரியாது. தெரியாது தம்பி என்று சொன்னேன்.